ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கட்டும்

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயமாவது நான் சொன்னபடி நடக்க வேண்டும் என்று நான் சபதம் எடுத்தது, என் மகளுக்கு நுழைவுத் தேர்வு ரேங்க் வந்த அன்றுதான்.

கல்யாணமான நாளிலிருந்து நானும் முடிவெடுக்காமல் இல்லை. எடுத்திருக்கிறேன். எடுத்ததை என் மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன். அவளும் காது கொடுத்துக் கேட்டு, "நல்ல யோசனைங்க" என்று பாராட்டிவிட்டு, தான் ஏற்கெனவே செய்து முடித்ததைச் சொல்வாள். வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம் என்று நான் முடிவெடுத்தபோது சுவரெல்லாம் பச்சை காய்ந்துகொண்டிருந்தது. அதில் சாய்ந்துதான் நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அலறிக்கொண்டு வருகிறவனை வாயை மூடி உட்கார வைப்பதும், மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வாயைத் திறக்க வைப்பதும் அவள் உத்தியோகம். "ஒண்ணும் வலிக்காதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் அப்படிச் சொன்னால் வலிக்கப் போகிறது என்று அர்த்தம். நோயாளிகளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

நான் மெத்தை ஃபாக்டரியில் தரப் பரிசோதகர். அதாவது படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். நூறு மெத்தைக்கு ஒன்றை உருவி, மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்று மூன்று விதமாகப் படுத்து, முதுகு என்ன சொல்கிறது என்று எழுதித் தர வேண்டும். தூங்கிவிட்டால் மெத்தை பாஸ், நான் ஃபெயில். அவ்வளவு நுணுக்கமான வேலை. அதனால் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. சாம்பிள் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. இந்தக் கொள்கையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி வைத்துக்கொண்டாள்.

ரேங்க்குக்கு வருகிறேன். எதிர்வீட்டு பேங்க் மேனேஜருடைய பையனின் ரேங்க் வீட்டு நம்பர் மாதிரி இருந்தது. என் மகளுடையது ஃபோன் நம்பர் மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு சீட் கிடைத்துவிட்டது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போனால் விடியும்போது வருகிற ஒரு கடற்கரை ஊர்க் கல்லூரி. பாடம், கப்பல் கட்டுவது.

"கப்பலா?" என்றேன்.

"ஆமாப்பா. முதல் சாய்ஸா அதைத்தான் போட்டேன். கிடைச்சிடுச்சு." மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நம்ம வீட்டுல வாளியே ஒழுகுது. நீ கப்பல் கட்டப் போறியா?"

"அதனாலதான்பா யாராவது ஒருத்தர் கத்துக்கணும்."

"கம்ப்யூட்டர் படின்னு ஊரே சொல்லுது. நாளைக்கு நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனா யாரு பார்ப்பா?"

"இப்ப யாரு பார்க்கறா?"

"நீதான்."

"அப்போ அது எனக்கு ஏற்கெனவே தெரியும்ல? தெரிஞ்சதையே எதுக்குப் போய்ப் படிக்கணும்?"

நிறம்தான் என்னுடையது. வாய் அப்படியே அவள் அம்மா.

நான் எழுந்து நின்றேன். முக்கியமான விஷயங்களை நின்றுகொண்டு சொன்னால்தான் எடுபடும். "இந்த சீட் வேணாம். ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கட்டும். கோச்சிங் போகட்டும். திரும்ப எழுதட்டும். இதே ஊர்ல பெரிய காலேஜ்ல கம்ப்யூட்டர் எடுக்கட்டும். ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்."

"காலைல போனா இருட்டினப்புறம்தான் விடுவாங்க அந்த சென்டர்ல" என்றாள் மனைவி. "வெளிய வெயிலா மழையான்னு கூடத் தெரியாது. உங்களால ஒரு நாள் இருக்க முடியுமா?"

"ஏன் முடியாது? உட்கார்ந்து படிக்கறது ஒரு வேலையா? கஷ்டப்படாம யாரு முன்னுக்கு வந்திருக்கா?"

இந்த மூன்று வாக்கியங்களையும் நான் சொல்லியிருக்கக் கூடாது. நான் மறந்துவிட்டேன். அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்குக் கப்பல் மேல் ஒரு கோபமும் இல்லை. சீட் வேண்டாமென்றதற்கு ரெண்டு காரணம். ஒன்று எதிர்வீடு. நான் குப்பைக் கூடையோடு வெளியே வந்தால் போதும், மேனேஜர் வாசலுக்கு வந்துவிடுவார். "சார், பாப்பாவுக்கு என்ன ரேங்க்?" நான் இருமுவேன். "கப்பலாமே சார். வலை வீசறதும் சேர்த்துச் சொல்லித் தருவாங்களா?" என்பார். பேங்க்கில் ஒருவனுக்கும் சிரித்த முகம் காட்டாத மனுஷன், என்னிடம் மட்டும் சிரிப்பார்.

இன்னொரு காரணம்தான் நிஜக் காரணம். வேலை முடிந்து நான் வந்து அழைப்பு மணியை அமுக்கினால், கதவைத் திறக்கிறவள் என் மகள். "இன்னிக்கு எத்தனை மெத்தைப்பா தேறிச்சு?" என்று கேட்பாள். பதினேழு வருஷத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்கிற ஒரே ஜீவன். அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் என்னை யார் கேட்பார்கள்? இதை மனைவியிடம் சொல்லலாம்தான். சொன்னால் "ஐயோ பாவம்" என்பாள். பாவம் என்று பெயர் எடுப்பதைவிடப் பிடிவாதக்காரன் என்று பெயர் எடுப்பது எவ்வளவோ மேல்.

சரி, சபதம் எடுத்தால் போதுமா? ஆயுதம் வேண்டாமா? இருந்தது. என் சட்டைப் பையிலேயே இருந்தது.

கிடைத்த சீட்டை ஒப்புக்கொள்ள ஒரு கடைசி நாள் உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் இணையதளத்தில் 'சம்மதம்' என்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒரு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணைப் போட்டால் சீட் நமக்கு. போடாவிட்டால் அடுத்த ஆளுக்கு. அந்த எண் யாருடைய ஃபோனுக்கு வரும்? என் ஃபோனுக்கு. விண்ணப்பம் போடும்போதே, "குடும்பத் தலைவர் நம்பரைத்தான் போடணும்" என்று அடம்பிடித்து என் நம்பரைப் போட வைத்தவன் நான். அப்போது அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது சிரிக்கட்டுமே பார்க்கலாம்.

ஆக, நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கடைசி நாள் போகிறவரை ஃபோனைக் கையை விட்டு விடாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பது என் தொழில்முறைத் தகுதி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு படி மேலே போனேன். கோச்சிங் சென்டருக்குத் தனியாகப் போய், என் போனஸை அப்படியே வைத்து, மகள் பெயரில் ஒரு வருஷத்து ஃபீஸையும் கட்டிவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. கடைசி நாள் கழிந்ததும் ரசீதை எடுத்து மேஜை மேல் போட்டு, "நாளைக்கு வகுப்பு" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வதாகத் திட்டம். சென்டர் டைரக்டர் டை கட்டியிருந்தார். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "நாங்க மாணவர்களை உருவாக்கறதில்ல சார், ரேங்க்கை உருவாக்கறோம்" என்றார். சிந்தனையாளர் என்று நினைத்தேன். பல்வலி என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வீட்டில் போர்தான்.

"ஏங்க, ஃபோனைக் கொஞ்சம் குடுங்க. எங்க அக்காகிட்ட பேசணும்."

"உன் ஃபோன் என்னாச்சு?"

"சார்ஜ் இல்ல."

"இந்தா சார்ஜர்."

"அப்பா, உங்க ஃபோன்ல டார்ச் நல்லா அடிக்கும்ல? கட்டிலுக்கு அடியில தோடு விழுந்துடுச்சு."

"விடிஞ்சதும் தேடிக்கலாம்மா."

ஃபோன் என்னோடு சாப்பிட்டது. தலையணைக்கடியில் தூங்கியது. குளிக்கும்போது பாலிதீன் பையில் சுற்றி ஜன்னல் கட்டையில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே சோப்புப் போட்டேன். கண்ணில் சோப்புப் போனாலும் கண்ணை மூடவில்லை. இது போதாதென்று கட்டைவிரல் ரேகை வைத்துப் பூட்டும் போட்டேன். ஃபோனைத் திருடலாம். விரலைத் திருட முடியுமா?

கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்னால், சாயங்காலம் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள் மனைவி.

"யோசிச்சுப் பார்த்தேங்க. நீங்க சொல்றதுதான் சரி."

எனக்குப் புரையேறியது. இந்த வாக்கியத்தை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. தலையில் தட்டினாள்.

"ஒரு வருஷம் போனாப் போகட்டும். அவ நல்லதுக்குத்தானே சொல்றீங்க."

"அதைத்தான் நான் முதல்லருந்தே..."

"ஆனா ஒண்ணு. நூறு மெத்தைக்கு ஒண்ணை எடுத்துப் படுத்துப் பார்க்கறவரு நீங்க. பெத்த பொண்ணை ஒரு வருஷம் ஒரு இடத்துல விடப் போறோம். சாம்பிள் பார்க்க வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளிடம் உள்ள ஆபத்து. அவள் சொல்கிற எல்லாமே நியாயமாகப் படும்.

"எப்படிப் பார்க்கறது?"

"ஒரு நாள் போய் வகுப்புல உட்காருங்க. எப்படிச் சொல்லித் தர்றாங்க, பெஞ்ச் எப்படி இருக்கு, எல்லாத்தையும் உங்க கண்ணால பாருங்க. நான் பார்த்தா என்ன தெரியும்? தரம் பார்க்கத் தெரிஞ்ச ஆளு நீங்கதானே."

கடைசி வாக்கியத்தில் நான் உருகிவிட்டேன். ஆனாலும் சந்தேகம் கேட்டேன். "அப்பாங்களை எல்லாம் உள்ள விடுவாங்களா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்டேன். டைரக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. "தாராளமா வாங்க ஷார். நாளன்னிக்கே வாங்க ஷார்" என்றார். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. சாப்பிடும் நேரத்தில் கூப்பிட்டுவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாளன்றைக்கு என்றால் அதுதான் கடைசி நாள். அதுவும் நல்லதுக்கே என்று தோன்றியது. வீட்டில் இருந்தால் கெஞ்சுவார்கள், அழுவார்கள். மகள் அழுதால் நான் தாங்க மாட்டேன். சென்டரில் போய் உட்கார்ந்துவிட்டால் நான் பத்திரம், ஃபோனும் பத்திரம்.

அந்த நாளும் வந்தது. லீவு போட்டேன். மனைவி டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள், தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டாள். "நானும் அந்த வழியாத்தான் கிளினிக் போறேன், வாங்க" என்று கூடவே வந்தாள்.

சென்டர் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டு முழுக்க முதலிடம் பிடித்தவர்களின் படங்கள். அதில் ஒரு பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். எதிரில் இருக்கிற சென்டர் போர்டில் ரெட்டைச் சடையோடும், முக்குச் சென்டர் போர்டில் கொண்டையோடும் இதே பெண்தான் இருந்தாள். ஒரே ஆள் மூன்று இடத்திலும் படித்திருக்கிறாள். ரேங்க் வராமல் என்ன செய்யும்?

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். என் கழுத்தில் ஒரு அடையாள அட்டையை மாட்டினார். 'மாணவர்' என்று போட்டிருந்தது.

"ஃபோன் உள்ள கொண்டுபோகக் கூடாது சார்."

"வாங்கி வெச்சுக்கங்க."

"நாங்க வாங்க மாட்டோம். காணாமப் போனா யாரு பதில் சொல்றது? கூட வந்த கார்டியன்கிட்டதான் குடுக்கணும். அதான் ரூல். கார்டியன் யாரு?"

"நான்தாங்க" என்றாள் மனைவி.

என் கை சட்டைப் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. பின்னால் படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள். "அங்கிள், குடுத்துட்டுப் போங்க. லேட்டானா வெளிய நிக்க வைப்பாங்க" என்று ஒரு குரல். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். மனைவி கையை நீட்டிக்கொண்டு, பார்க்காத மாதிரி சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். ஃபோன்தானே போகிறது? விரல் என்னிடம்தானே இருக்கிறது. எண் வந்தால்கூட என் கட்டைவிரல் இல்லாமல் திறக்காது. கட்டைவிரலோ இன்றைக்கு முழுக்க என்னோடு வகுப்பில் இருக்கப் போகிறது. மனசுக்குள் சிரித்துக்கொண்டே ஃபோனைக் கொடுத்தேன்.

"நல்லாக் கவனிங்க. பக்கத்துல பேசாதீங்க" என்று என் காலரைச் சரிசெய்தாள். "ஒரு நாள்தானே. ஒண்ணும் வலிக்காதுங்க."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வகுப்பில் ஜன்னல் கிடையாது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் முதுகுக்கு ஆதாரம் இல்லை, தொடைக்கு அகலம் இல்லை. எங்கள் ஃபாக்டரியாக இருந்தால் அந்தப் பெஞ்சை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். வாத்தியார் காலரில் மைக் மாட்டிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. யாரும் யோசிக்காதீங்க. யோசிச்சா நேரம் போயிடும். கேள்வியைப் பார்த்ததும் கை தானாப் போகணும். ஏன், எதுக்குன்னு கேக்கற பழக்கம் யாருக்காவது இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க. தேர்வுல 'ஏன்'னு ஒரு கேள்விகூட வராது."

எல்லாரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பலகையில் ஒரு ஸ்பிரிங் படம் போட்டார். அதன் மேல் ஒரு எடையை வைத்தார். "ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும்?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்பிரிங்கைப் பற்றி என்னிடமே கேட்பதா? கையைத் தூக்கினேன்.

"எந்தக் கம்பெனி ஸ்பிரிங் சார்?"

"என்னது?"

"கம்பெனி தெரியாம எப்படிச் சொல்றது? சிலது ஆறு மாசத்துல குழி விழுந்துடும். மேல வைக்கற எடை ஒல்லியா, குண்டா? புரண்டு படுக்குமா?"

எழுந்து நிற்கச் சொன்னார். நாற்பத்தெட்டு வயசில், சின்னப் பிள்ளைகள் நடுவில், மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் நின்றேன். நின்றது ஒரு வகையில் நல்லது. அந்தப் பெஞ்சில் உட்கார்வதற்கு நிற்பது எவ்வளவோ தேவலை.

சாப்பாட்டுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அடர்த்தியாகத் தாடி வைத்த ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். வாத்தியாராக இருக்கும் என்று எழுந்து நின்றேன். கழுத்தில் 'மாணவர்' அட்டை தொங்கியது.

"எத்தனாவது தடவை அங்கிள்?" என்று கேட்டான்.

"முதல் தடவை."

"வீட்ல அனுப்பிட்டாங்களா?"

"சேச்சே. நானா வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றான் தாடி. "நான் நாலாவது தடவை. முதல்ல வந்தப்போ எனக்கு மீசை கூட இல்ல. எங்கப்பா, ஒரு வருஷம்தானே, ஓடிடும்னாரு."

எடுத்த கவளத்தை டிபன் பாக்ஸிலேயே திருப்பி வைத்தேன். "என்னவா ஆகணும்னு ஆசைப்படறே தம்பி?"

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். "வெளிய வரணும் அங்கிள்" என்றான்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். என் மகள் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, இதே மாதிரி சுவரைப் பார்ப்பது கண் முன்னால் வந்தது. மனசு ஆடிவிட்டது. சபதம் எடுத்தவன் மனசு ஆடலாமா? அதை நிறுத்துவதற்காக என் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். சீட், சம்மதம், ஓ.டி.பி., கட்டைவிரல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கட்டைவிரலைத் தூக்கியும் காட்டினேன்.

தாடி பொறுமையாகக் கேட்டான். "அதுக்கு எதுக்கு அங்கிள் விரல்? வர்ற மெசேஜ் பூட்டின ஸ்கிரீன் மேலயே தெரியுமே."

"தெரியுமா?"

"தெரியும். எட்டிப் பார்த்தாப் போதும்."

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நடுவுல வெளிய போகக் கூடாது சார்."

"வயித்து வலி."

"கார்டியன்கிட்ட கேட்டுத்தான் விடணும்." தன் ஃபோனை எடுத்து நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார். என் மனைவியின் குரல் தேனாக வந்தது.

"சொல்லுங்கண்ணே."

"அம்மா, உங்க ஆளு வயித்து வலின்னு நிக்கறாரு. விடவா?"

"விடாதீங்கண்ணே. அவருக்குப் படிப்புன்னா வயித்து வலி வரும். மத்தியானம் ஏதோ பரீட்சை இருக்காமே? அதை எழுதிட்டே வரட்டும்."

"அவ சொல்றதைக் கேக்காதீங்க. நான் அவ புருஷன்யா" என்று கத்தினேன்.

"அது வீட்ல சார். இங்க நீங்க ஸ்டூடண்ட்."

"டைரக்டரைக் கூப்பிடுங்க. அவர்கிட்ட பேசிக்கறேன்."

"அவரு இல்ல சார். பல் டாக்டர்கிட்ட போயிருக்காரு."

கன்னத்தில் ஊன்றிய கை, 'ஷார் ஷார்' என்ற பேச்சு, மறுபேச்சில்லாமல் கிடைத்த அனுமதி எல்லாம் வரிசையாக வந்து என் மண்டையில் உட்கார்ந்தன. நான் திரும்பிப் படியேறினேன். வேறு எங்கே போவது?

மத்தியானம் மாதிரித் தேர்வு. வட்டம் வட்டமாக நிரப்ப வேண்டும். கேள்விகளைப் பார்த்தேன். கேள்விகள் என்னைப் பார்த்தன. யோசிக்காதே என்று வாத்தியார் சொன்னபடி, மெத்தையில் தையல் போடுகிற மாதிரி மேலேயும் கீழேயுமாக வட்டங்களை நிரப்பிவிட்டுத் தலையைச் சாய்த்தேன். நான் வேண்டாமென்று தள்ளிய ஒரு பொருளின் மேல் நான் தூங்கியது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். மணியை அமுக்கினேன். மகள்தான் திறந்தாள். எத்தனை மெத்தை தேறியது என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அப்பா, சம்மதம் குடுத்துட்டோம்."

மேஜை மேல் என் ஃபோன் இருந்தது. முழுசாகச் சார்ஜ் ஏற்றித் துடைத்து வைத்திருந்தார்கள்.

"அம்மாவும் பொண்ணும் சேர்ந்து ஏமாத்திட்டீங்க" என்றேன்.

"ஆமா" என்றாள் மனைவி, ஒளிக்காமல். "நீங்க மட்டும் என்ன? ஒரு வருஷத்து ஃபீஸைக் கட்டிட்டு வந்து வாயத் திறக்கலையே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க திறக்கல. டைரக்டர் திறந்தாரு. பல்லைக் காட்ட வந்தவரு, என் பேரையும் வீட்டையும் கேட்டுட்டு, 'உங்க வீட்டுக்காரர் கட்டிட்டாரே'ன்னாரு. பாவம், வேர் சிகிச்சை அவருக்கு. எங்க கிளினிக்ல மாசக் கடைசி வரைக்கும் இடமே கிடையாது. நான்தான் அவரை இன்னிக்கு நடுவுல சொருகி விட்டேன். அவரு உங்களை நடுவுல சொருகி விட்டாரு."

அவள் கைப்பையில் ஃபோன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தாள். "உங்க ரேங்க் வந்திருக்கு" என்றாள். என் மகளுடையது ஃபோன் நம்பர் மாதிரி என்று சொன்னேன் அல்லவா? என்னுடையது வெளிநாட்டு ஃபோன் நம்பர்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோவமாப்பா?"

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். அந்தத் தாடிக்காரன் சுவரைப் பார்த்தது ஞாபகம் வந்தது. வேறு ஏதோ வந்துவிட்டது வாயில்.

"நீ போயிட்டா எனக்கு யாரும்மா கதவு திறப்பா?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். மனைவி சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தாள். அவள் கண்ணும் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருந்தா அவளை அனுப்பாம இருந்திருப்பியா?"

"அவளை அனுப்பித்தான் இருப்பேன். உங்களை அனுப்பியிருக்க மாட்டேன்."

மகள் போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே கடலைப் படம் எடுத்து அனுப்பினாள். சாயங்காலமானால் கூப்பிட்டு, "எத்தனை மெத்தைப்பா தேறிச்சு?" என்று கேட்கிறாள். எதிர்வீட்டு மேனேஜரிடம் நானே வலியப் போய், "கப்பல் கட்டப் போயிருக்கா சார். படிச்சு முடிச்சதும் உங்ககிட்டதான் லோன் கேட்டு வருவா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னால், வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு, நான் தோற்ற இந்த முடிவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வாரத்துக்கு ஒரு நாள்தான் நான் சம்பளமில்லாமல் படுப்பது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தபோது கட்டிலோரம் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, சென்டர்ல ஃபீஸைத் திருப்பிக் கேட்டேன். கட்டினது கட்டினதுதானாம். வேணும்னா குடும்பத்துல வேற யாராவது வந்து படிக்கலாமாம்."

"வேற யாரு இருக்கா நம்ம குடும்பத்துல?" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

அவள் போர்வை நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். போர்வைக்குள் எனக்கு வேர்த்தது.

"விளையாடாதே. எனக்கு வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமைக்குன்னே தனி பேட்ச் இருக்காம். உட்கார்ந்து படிக்கறது ஒரு வேலையாங்க? ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். கஷ்டப்படாம யாரு முன்னுக்கு வந்திருக்கா?"

அவள் கையில் ஃபோன் கிணுகிணுத்தது. சத்தமாகப் படித்தாள். "'உங்கள் பிள்ளை இன்று இதுவரை வகுப்புக்கு வரவில்லை. பெற்றோர் காரணம் தெரிவிக்கவும்.'" படித்துவிட்டு ஏதோ தட்டினாள்.

"என்னன்னு பதில் போட்டே?" என்றேன்.

"'பையன் குளிச்சுக்கிட்டிருக்கான், இதோ வந்துடுவான்'னு."

நான் குளிக்கப் போனேன்.